பத்திராதிபர் ஜி. சுப்பிரமணிய ஐயர்

சோழவளநாட்டிலே காவிரிக்கு வடகரையிலுள்ள திருவையாற்றை அறியாத சைவர் இலர். அப்பர் சுவாமிகள் வடகயிலை நோக்கிப் புறப்பட்டு, உடல் தேய்ந்தும் உள்ளந்தேயாது நின்று, ஈற்றில் இறைவன் திருவருளாற் கயிலைக்காட்சி பெற்ற தலம் அது. அத்தலத்திலே 1855ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 19ஆந் தேதி ஓர் அந்தணர் குடும்பத்திற் பிறந்தவர் சுப்பிரமணிய ஐயர். இவர் சமயத்தொண்டினாற் பெயர்பெற்றவரல்லர். பத்திரிகைத் தொண்டினாற் பெயர்பெற்றவர். சென்னபட்டணத்து 'இந்து' என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தோற்றுவித்தோருள் முதல்வரும், 'சுதேசமித்திரன்' என்னுந் தமிழ்ப் பத்திரிகையைத் தோற்றுவித்தவரும் இவரே.

சைவசமயத்துக்குரிய இவ்வேட்டிலே இவர் சரித்திரத்தை எழுதுவதற்கு நியாயம் என்னை என்று சிலர் வினவக்கூடும். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1849ஆம் ஆண்டிலே சென்னபட்டணஞ் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவியிராவிடின், எம்மவர் தம் சமயத்தைப் பற்றி அந்நியர் அச்சிட்டதை வாசிப்பதன்றி விடையிறுக்க வழியற்றிருப்பர். அச்சியந்திரம் எவர் கையில் இருக்கலாம், அதினின்று எது வெளிவரலாம் என்பவற்றை அரசினரே தீர்மானிப்பாராயின், கோயிலும் பள்ளிக்கூடமுங்கூட நாவிழந்து நிற்கும். ஆகவே இவ்விஷயம் எமக்கு அந்நியமன்று.

ஐயரது தந்தையார் திருவையாற்று முன்சீப் கோர்ட்டிலே வக்கீலாயிருந்தவர். மைந்தருக்குப் பதின்மூன்று பிராயம் நடக்கும்போதே அவர் தேகவியோகமாயினார். சுப்பிரமணியர் தஞ்சாவூரிலே மிஷனரிமார் நடத்திய பரிசுத்த பேதுரு கல்லூரியிற் கற்று, சென்னையிலே ஆசிரியப் பயிற்சி பெற்று, ஸ்கொத்லாந்து சபையாரது மிஷன் பாடசாலையிலும் பின்னர்ப் பச்சையப்பன் பாடசாலையிலும் உபாத்தியாயராயிருந்து, தாமே முயன்று கற்று 1877இல் பி. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தினார். மிஷன் பாடசாலையிற் பயின்றோராகிய எம்போலியர்க்கு இதன் கருத்து நன்கு விளங்கும். ஆங்கே வேதாகமப் பாடத்தோடு இங்கிலாந்து தேச சரித்திரமும் கற்பிக்கப்படும். முதலாஞ் சார்ள்ஸ் மன்னன் பாராளுமன்றத்தோடு பிணங்கிச் சிரமிழந்த செய்தியும், அச்சிடுவோர் அரசினரிடம் முன்னரே அனுமதி பெறவேண்டுமென்ற சட்டம் 1695ஆம் ஆண்டிலே அந்நாட்டில் ஒழிந்துபோன செய்தியும் அப்பாடத்திலே வரும். கற்பித்தவர்கள், மாணவர் இவற்றைத் தம் நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்பரென்று எண்ணினாரோ இல்லையோ, மாணவர் பொருத்திப் பார்த்தே விட்டனர்.

அக்காலத்து இந்திய அரசாட்சியின் இயல்பை இங்கே சிறிது கூறுதல் வேண்டும். 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சட்டசபைகளிலே குடிகளால் தெரிந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் இலர். அரசினர் தாமே நியமித்த சிலர் அமர்ந்திருப்பர். அவர்களுக்கும் வினா எழுப்பும் உரிமை இல்லை. வரவுசெலவுக் கணக்கை ஆராயும் உரிமை இல்லை. வரி கொடுப்பவன் தன் வரி எங்கே போயிற்றென்று கேட்கக்கூடிய மண்டபம் ஒன்றுமே இருந்ததில்லை. பண்டைக் காலத்து அரசனுக்காவது அருகிலிருந்து கடிந்து கூறும் அமைச்சர் இருந்தனர். கடலுக்கு அப்பாலிருந்து வந்த இவ்வரசுக்குக் கடிந்து கூறும் வாய் பத்திரிகை ஒன்றே.

அவ்வாயும் சட்டத்தின் தயவிலேயே திறந்திருந்தது. 1835ஆம் ஆண்டிலே தற்காலிகக் கவர்னர் ஜெனரலாயிருந்த சார்ள்ஸ் மெற்காவ் என்பவர் அச்சியந்திரங்களைக் கட்டினின்று விடுவித்தார். அதனாற் கும்பனித் தலைவர்களது வெறுப்பையுந் தேடிக்கொண்டார். 1870இலே தண்டனைச் சட்டத்தில் 124அ என்னும் பிரிவு புகுத்தப்பட்டது. அரசின்மீது பகைமையுணர்ச்சியைக் கிளப்புதல் இராசத்துரோகமென்றும், அதற்கு ஆயுள்பரியந்தம் தேசாந்தர சிட்சையும் விதிக்கலாமென்றும் அப்பிரிவு கூறிற்று. 1878ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆந் தேதி லிற்றன் பிரபு சுதேசபாஷைப் பத்திரிகைச் சட்டத்தை நிறைவேற்றினார். இச்சட்டத்தின்படி மாவட்ட நீதவான், மாகாண அரசினரின் அனுமதியோடு, பத்திரிகை அச்சிடுவோனிடம் பிணைமுறி கேட்கலாம். பிழையென்று கண்டால் அச்சியந்திரத்தைப் பறிமுதல் செய்யலாம். நீதிமன்றத்தில் அப்பீல் செய்தற்கு இடமில்லை. தென்னாடு இவ்வலைக்குப் புறத்தே விடப்பட்டதெனினும், அச்சம் எங்கும் பரவிற்று.

இச்சட்டத்திலே கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஆங்கிலப் பத்திரிகை எதுவும் இதற்கு உட்படவில்லை. ஒரே கருத்தை ஆங்கிலத்தில் எழுதினாற் குற்றமில்லை. வங்காளியில் எழுதினால் இயந்திரம் பறிபோம். கல்கத்தாவிலே 'அமிர்த பஜார் பத்திரிகை' வங்காளியிலிருந்து சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறி இவ்வலைக்குத் தப்பியது யாவரும் அறிந்ததே. அரசினர் அஞ்சியது கருத்தையன்று. அக்கருத்து எத்தனை பேருக்குப் போய்ச்சேரும் என்பதையே அஞ்சினர். ஐயருடைய சரித்திரம் முழுவதற்கும் இஃதொரு திறவுகோலென்பது எமது எண்ணம்.

அவ்வருடமே 'இந்து' பிறந்தது. சேர். தி. முத்துசாமி ஐயரவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்திலே இந்தியருள் முதல் நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அந்நியமனத்தைத் தூற்றின. மறுமொழி கூற இந்தியர் கையில் ஒரு பத்திரிகை இல்லை. சுப்பிரமணிய ஐயரும், பச்சையப்பன் பாடசாலையில் அவரோடு தொழில்பார்த்த வீரராகவாசாரியாரும், சட்டம் பயிலும் மாணவர் நால்வரும் ஆக அறுவர் கூடினர். ஒன்றேமுக்கால் ரூபாயைக் கடனாக வாங்கி, 1878ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 20ஆந் தேதி எண்பது பிரதிகள் அச்சிட்டு வெளிப்படுத்தினர். வாரமொருமுறை வரும் பத்திரிகை. பிறருடைய அச்சியந்திரசாலையிலே கூலிக்கு அச்சிட்டது. மாணவர் நால்வரும் சிறிது காலத்தில் தத்தம் தொழிலை நாடிச் சென்றனர். உபாத்தியாயர் இருவருமே நின்றனர். ஐயர் பத்திராதிபர், ஆசாரியார் வரவுசெலவு பார்ப்பவர். பகலிற் பாடஞ்சொல்லி இரவிலே அச்சுப்பிழை திருத்துவதென்பது எத்தகைய உழைப்பென்பதை உபாத்தியாயரன்றிப் பிறர் அறியார்.

பத்திரிகை மெல்ல வளர்ந்தது. 1882இலே சேலத்தில் நடந்த கலகத்தின் பின்னர் விஜயராகவாசாரியார் முதலாயினோர்மீது குற்றஞ் சுமத்தித் தண்டனை விதிக்கப்பட்டது. 'இந்து' அரசினர் செயலைச் சிறிதும் அஞ்சாது கண்டித்தெழுதிற்று. விஜயராகவாசாரியார் பின்னர் உயர்நீதிமன்றத்தாற் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். சட்டசபையிலே எழுப்பமுடியாத வினா பத்திரிகையில் எழுப்பப்பட்டபோது, கவர்னர் மாளிகையிலுள்ளாரும் அதனை வாசியாதிருக்க முடியவில்லை. 1883இலே மவுண்ட் ரோட்டிற் சொந்த அச்சியந்திரசாலை அமைந்தது. பத்திரிகையும் வாரத்துக்கு மும்முறை வரலாயிற்று. 1884இலே சென்னை மகாஜனசபை தோன்றியபோது ஐயர் அதன் முதல்வருள் ஒருவர். 1885ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் பம்பாயிலே எழுபத்திரண்டு பிரதிநிதிகள் கூடிய முதற் காங்கிரஸ் மகாசபையிலே முதலாவது பிரேரணையைக் கொண்டுவந்தவரும் இவரே. இந்திய அரசாட்சி நடைபெறும் முறையை ஆராய ஓர் இராச விசாரணைச்சபை நியமிக்கவேண்டுமென்பது அப்பிரேரணை. 1889ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் முதலாந் தேதி தொடங்கி 'இந்து' தினசரியாயிற்று. அவ்வருடமே யாழ்ப்பாணத்திலே சைவ பரிபாலன சபையாரது 'இந்து சாதனம்' தோன்றியதென்பதையும் வாசகர் நினைவுகூர்வாராக.

1897இலே இந்தியச் செலவினத்தை ஆராய்ந்த வெல்பி விசாரணைச்சபையின் முன்னிலையிற் சாட்சியங்கூற ஐயர் இலண்டன் சென்றார். கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி என்போரும் அங்ஙனஞ் சென்றவரே. இவர் எழுதிய பொருளியற் கட்டுரைகள் 1903இலே ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளிவந்தன.

இனி, எம் வாசகருட் பலர்க்கு ஒவ்வாத ஒரு செய்தியையுங் கூறவேண்டியிருக்கின்றது. ஐயரது புதல்வியார் ஒருவர் இளமையிலே கைம்மை எய்தினார். 1889இலே ஐயர் அவரைப் பம்பாயில் மறுவிவாகஞ் செய்துகொடுத்தார். சாதியார் அவரை விலக்கினர். உறவினர் வாசலில் வாரார் ஆயினர். அச்செயல் சாத்திர சம்மதமோ அன்றோ என்னும் வாதத்துக்கு இது இடமன்று. பத்திரிகையில் ஒன்றெழுதி வீட்டில் மற்றொன்று நடத்துவார் மலிந்த உலகிலே இவர் அங்ஙனஞ் செய்திலர் என்பதுமட்டும் மறுக்கப்படாது. அரசினரை எதிர்த்தல் சிலசமயம் எளிது, ஊரார் புகழ்வர். ஊராரையே எதிர்த்தல் அரிது.

சமுதாயச் சீர்திருத்தத்தில் ஐயர் காட்டிய வேகம் ஆசாரியாருக்கு உடன்பாடன்று. காரசாரமான எழுத்தினாலே நேர்ந்த மானநஷ்ட வழக்குகளும் பணமுடையை விளைத்தன. 1898இலே இருவரும் பிரிந்தனர். 'இந்து' ஆசாரியாரிடம் நின்றது. 1905இலே கஸ்தூரிரங்க ஐயங்கார் அதனை வாங்கினார். ஐயர் தமக்கென எடுத்துக்கொண்டது 'சுதேசமித்திரன்' ஒன்றையே. இருபது ஆண்டு உழைத்து வளர்த்த பெரும் பத்திரிகையை விடுத்து, வருவாய் குறைந்த தமிழ்த் தாளைக் கைக்கொண்டதை நஷ்டமென்று அக்காலத்தார் பலர் எண்ணியிருப்பர். எமக்கோ அவர் செய்தவற்றுள் இதுவே தலையாயதென்று தோன்றுகின்றது.

'சுதேசமித்திரன்' 1882இலே வாரப் பத்திரிகையாகத் தொடங்கப்பட்டது. லிற்றன் பிரபுவின் சுதேசபாஷைச் சட்டத்தை றிப்பன் பிரபு நீக்கியதும் அவ்வாண்டிலேயே. பதினேழு ஆண்டுகளின் பின், 1899இல், அது தினசரியாயிற்று. நாடோறும் உலகச் செய்தியைத் தமிழிலே கூறுவது அந்நாளில் எவ்வளவு வருத்தமென்பது இக்காலத்தார்க்குத் தெரியாது. தந்தி ஆங்கிலத்தில் வரும். அரசியற் பொருள்களுக்குத் தமிழிற் சொல்லில்லை. வடமொழியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் அகப்பட்ட சொல்லை எடுத்து இரவுக்கிரவே வாக்கியம் அமைக்கவேண்டும். அந்நடை செந்தமிழன்று, நாவலரவர்களது வசனநடையிலே பழகிய யாழ்ப்பாணத்துப் பண்டிதர் கண்டால் முகஞ்சுளிப்பர். யாமும் அதனைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டோம். ஆயினும் கும்பகோணத்துக் கடைக்காரரும் திருநெல்வேலிக் கிராம முன்சீப்பும் கவர்னருடைய வரவுசெலவுக் கணக்கைத் தம் தாய்மொழியில் வாசித்து, இது ஏன், அது ஏன் என்று கேட்கத் தொடங்கியது அந்நடையினாலேதான். தெரிந்தெடுக்கும் உரிமை குடிகளுக்கு வருமுன்னரே, தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு வந்தது. 1904இலே மதுரையில் உபாத்தியாயராயிருந்த சுப்பிரமணிய பாரதியாரை அழைத்து உதவியாசிரியராக அமர்த்தியவரும் ஐயரே. பாரதியார் சில ஆண்டுகளில், மூத்தவர் நிதானம் போதாதென எண்ணி, 'இந்தியா' என்னும் பத்திரிகைக்குச் சென்றனர்.

1905இலே வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபின் நாடெங்கும் கொதிப்புண்டாயிற்று. ஐயருடைய எழுத்தும் வரவரக் கடுமையாயிற்று. அரசினர் 124அ என்னும் ஆயுதத்தை உறையினின்று எடுத்தனர். அவ்வாயுதத்தின் கூர்மையை அவர்கள் முன்னரே பரீட்சித்திருந்தார்கள். 1897இலே பம்பாயிலே திலகர் தமது 'கேசரி'யில் எழுதியவற்றுக்காக விசாரிக்கப்பட்டபோது, அரசின்மீது அன்பில்லாமையே துரோகமாமென்று நீதிபதி ஸ்ற்றேச்சி ஜூரிமார்க்கு எடுத்துரைத்தார். திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. அன்பைச் சட்டத்தாற் கட்டளையிடலாமென்று கருதிய அந்நீதிபதி ஒருநாளேனும் வகுப்பிலே பிள்ளைகளுக்குப் பாடஞ்சொன்னவராயிரார். பிரம்பினால் அமைதி வரும், அன்பு வாராது.

1908ஆம் ஆண்டு யூலை மாதம் 7ஆந் தேதி, திருநெல்வேலியிலே வ. உ. சிதம்பரம்பிள்ளைக்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் தமிழிற் செய்த பிரசங்கங்களுக்காகக் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அம்மாதம் 22ஆந் தேதி திலகர் மீண்டும் 'கேசரி' எழுத்துக்காக ஆறாண்டுச் சிறை பெற்றார். ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது 'மராட்டா'வுக்காகவன்று, மராத்தியில் வந்த 'கேசரி'க்காகவே இருமுறையும் அவர் கூண்டேறியதை வாசகர் நோக்குக. அதற்கடுத்த மாதம் சுப்பிரமணிய ஐயரின் முறை வந்தது. தேகசுகத்தின் பொருட்டுக் குற்றாலத்திலே தங்கியிருந்த அவரை, 'சுதேசமித்திரன்' எழுத்துக்காக இராசத்துரோகக் குற்றஞ்சாட்டிக் கைதுசெய்தனர். இருபது ஆண்டு ஆங்கிலத்திலே கவர்னர்களையும் கலெக்டர்களையும் கண்டித்தெழுதியபோது அவரைத் தொடாத கை, தமிழிற் பத்தாண்டு எழுதியவுடனே தொட்டது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிந்து இருபத்தாறு ஆண்டு சென்றும் அதன் ஆவி ஒழியவில்லை.

ஐயர் அப்பொழுது ஐம்பத்துமூன்று பிராயத்தினர்; கொடிய சரும வியாதியால் நைந்தவர். இனி அத்தகைய எழுத்து எழுதுவதில்லையென்னும் உறுதிமொழியின்மேல் அவர் விடுவிக்கப்பட்டார். அவர் சரித்திரம் எழுதுவோர் சிலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவர். யாம் அங்ஙனஞ் செய்ய விரும்பவில்லை. அக்காலத்து இளைஞர் மனம் நொந்தனர். முப்பதாண்டு பிறர்க்குத் துணிவூட்டியவர் தாம் துணிவிழந்தாரென்றனர். அவ்வார்த்தையில் உண்மை சிறிதும் இல்லையென்று கூறமாட்டோம். சிதம்பரம்பிள்ளை செக்கிழுக்கச் சென்ற அவ்வாண்டிலே, ஒருவர் உறுதிமொழி எழுதிக்கொடுத்து வீடு சென்றமை கண்ணுக்கு உறுத்தவே செய்யும்.

ஆயின் அச்சட்டத்தின் நோக்கம் நிறைவேறியது எங்கே என்பதையும் நோக்கவேண்டும். சிறை சென்றவனது எழுத்து சிறைக்கு வெளியே பதின்மடங்காய்ப் பெருகுதல் உண்டு. உறுதிமொழி கொடுத்தவனோ தன் கையாலேயே தன் பேனாவைத் தடுக்கின்றான். ஒவ்வொரு வாக்கியம் எழுதும்போதும் அவன் தோளருகே ஓர் அதிகாரி கண்ணுக்குப் புலப்படாது நின்று வாசிக்கின்றான். பத்திரிகையை மூடிய அரசினர் கொடுங்கோலரெனப் பெயரெடுப்பர். பத்திரிகையைத் திறந்துவைத்து உள்ளத்தை மூடியவர்க்கு அப்பெயருமில்லை. நோயாளியாகிய ஐயர்மேல் எறியும் கல்லை அவ்வாயுதத்தை வகுத்தவர்மேல் எறிவதே முறையென்பது எமது துணிபு.

அப்பிரிவு ஆங்கிலேயர் போனபின்னும் போகவில்லை. இந்தியா சுதந்தரமடைந்து எழுபத்தைந்து ஆண்டு ஆகுந்தறுவாயிலே, 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. 2024ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் தேதி புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பழைய பிரிவு நீங்கி, வேறு வாசகத்தோடு 152ஆம் பிரிவு அதற்கு ஈடாக வந்தது. எம் இலங்கையிலும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை அவ்விந்தியச் சட்டத்தைப் பின்பற்றியே வகுக்கப்பட்டது. அதன் 120ஆம் பிரிவு 124அ என்பதன் உடன்பிறப்பு. குடிகளே தெரிந்தெடுத்த அரசுக்கும், குடிகளின் அன்பின்மை ஏன் குற்றமாகத் தோன்றுகின்றதென்பது ஆராயத்தக்கது. அந்நியன் அஞ்சியதற்கு அவன் அந்நியனென்பது காரணம். எம்மவர் அஞ்சுவதற்குக் காரணம் வேறாயிருத்தல் வேண்டும்.

விடுதலையின் பின்னர் ஐயர் எட்டாண்டு வாழ்ந்தனர். 1910ஆம் ஆண்டு அரசினர் புதிய பத்திரிகைச் சட்டம் ஒன்று கொண்டுவந்தனர். அதன்படி புதிதாக அச்சியந்திரசாலை வைப்போன் ஐந்நூறு ரூபாய் முதல் இரண்டாயிரம் ரூபாய்வரை ஈட்டுப்பணங் கட்டவேண்டும். எழுத்திலே பிழைகண்டால் அப்பணம் அரசினர்க்காகும். ஒன்றேமுக்கால் ரூபாய்க் கடனோடு ஒரு பத்திரிகை தொடங்கும் காலம் அத்தோடு முடிந்தது. ஐயரது உடல்நிலை நாளுக்குநாள் தளர்ந்தது. உடம்பிலே புண்கள் மிகுந்து, வெளியிற் செல்வதும் அரிதாயிற்று. 'சுதேசமித்திரன்' ஏ. ரங்கசாமி ஐயங்கார் வசமாயிற்று. 1916ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 18ஆந் தேதி ஐயர் காலஞ்சென்றனர். அவர் வளர்த்த இரு பத்திரிகைகளும் அன்று நடைபெற்றுக்கொண்டிருந்தன. 1910ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது அவர் மறைந்து ஆறு ஆண்டு கழித்து, 1922இல்.